பனி முடியுது, பூ தொடங்குது

மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஆண்டிலேயே பரபரப்பான நான்கு மாதங்கள் இவைதான். கடிதக் கட்டும் அதற்கேற்றபடி கனத்திருக்கிறது. நேராகக் கேள்விகளுக்குப் போய்விடுவோம்.

கே: எங்கள் வீட்டு வேப்பமரம் மாசி பிறந்ததும் இலையை எல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது. மரம் பட்டுப்போகிறதா?
(வாசகி, திருச்சி)

ப: பழனிக்குப் போய் மொட்டையடித்து வந்த பிள்ளையைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? வளரும், பொறுங்கள். மரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இலை வழியாகத்தான் ஆவியாகிப் போகிறது. மழையில்லாத மாதங்கள் வருகின்றன என்று தெரிந்து, வேம்பு பழைய இலைகளை உதிர்த்துச் செலவைக் குறைத்துக்கொள்கிறது. சில வாரங்களில் செம்பு நிறத் தளிர், அதன் பின்னாலேயே பூ.

நம் ஊரில் வசந்தம் மழையோடு வருவதில்லை, வறட்சியோடு வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் இந்தப் பருவத்துத் தோட்டவேலை பாதி புரிந்துவிடும். முள்ளிலவு, கோங்கு, பலாசம் எல்லாமே இலையைத் துறந்து வெறுங்கிளையில் பூப்பவை. மறைக்க இலையில்லாததால் பூ தூரத்திலிருந்தே பறவைகளின் கண்ணில் படும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிளை நுனிகள் தீய்ந்ததுபோல் பழுப்பாகி, காய்ந்த இலை உதிராமல் அப்படியே தொங்கினால் அது நுனிக்கருகல் நோய். உங்கள் மரத்தில் இலை மஞ்சளாகி உதிர்கிறது என்றால் கவலையில்லை. உதிர்ந்ததைக் கொளுத்தாமல் மற்றச் செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்புங்கள். பங்குனிக் கடைசியில் மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை இரவே விரித்துவிட்டால், சித்திரை முதல் நாள் பச்சடிக்கு விடியும்போதே பூ தயார்.

கே: தொட்டியில் வைத்த குண்டுமல்லி கொடியாக நீண்டுகொண்டே போகிறது. இலைக்குக் குறைவில்லை, பூவைத்தான் காணோம். மதுரையில் இருந்துகொண்டு கடையில் பூ வாங்குவது கௌரவக் குறைச்சலாக இருக்கிறது!
(வாசகி, மதுரை)

ப: 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரிலிருந்து இப்படி ஒரு கடிதமா! கத்தரியை எடுங்கள். மல்லிகை பழைய கிளையில் பூக்காது. புதுத்துளிரின் நுனியில்தான் மொட்டு கட்டும். வெட்டாத செடி தன் சக்தியை எல்லாம் நீளுவதிலேயே செலவழித்துவிடும்.

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்யச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். முல்லைக்கும் பிச்சிக்கும் ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. உயரம். நீங்கள் நவம்பரைத் தவறவிட்டிருக்கிறீர்கள். தொட்டிச்செடிதானே, இப்போதும் வெட்டலாம். முதல் பூ கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வெட்டுவதற்கு முன் சில நாள் தண்ணீரைக் குறையுங்கள். வெட்டியபின் மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிட்டு, மேல்மண்ணைக் கிளறி மக்கிய தொழுவுரம் போட்டு, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். முக்கியமாக, தொட்டியை வெயிலுக்கு நகர்த்துங்கள். நிழலில் நிற்கும் மல்லிகைக்கு இலைதான் மிஞ்சும்.

தளிர் மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி கரைத்து இலையில் தெளியுங்கள். மொட்டு ஊதா நிறமாகி வாடினால் உள்ளே ஒரு சிறு ஈயின் புழு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மொட்டுகளைப் பறித்து அழியுங்கள். செடியடியில் போட்டால் மண்ணுக்குள் போய் மறுபடி வந்து நிற்கும்.

கே: ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றலாமா?
(வாசகர், தாம்பரம்)

ப: உங்களுக்கு ஆகாது என்று இயந்திரம் ஒதுக்கிய உப்பை, வாயில்லாத செடிக்கு ஊட்ட வேண்டாம். அதில் தரை துடையுங்கள், வண்டி கழுவுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது. அதை ஒரு வாளியில் பிடித்துத் தாராளமாக ஊற்றலாம்.

கே: காகிதப்பூச் செடிக்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். பக்கத்து வீட்டில் ஊற்றுவதே இல்லை. அங்கே பூத்துக் குலுங்குகிறது, இங்கே பச்சைப் புதராக நிற்கிறது. என்ன நியாயம் இது?
(வாசகர், கோவை)

ப: காகிதப்பூவின் நியாயம். தண்ணீரும் தழைச்சத்தும் கிடைத்தால் அது இலை விடும். கொஞ்சம் காயப்போட்டால்தான் பூ விடும். மேல்மண் நன்றாகக் காய்ந்து, துளிர்கள் லேசாகத் துவளத் தொடங்கும்போது மட்டும் ஊற்றுங்கள். பங்குனி வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை, குடத்தைக் குறைக்கச் சொல்கிறேன்.

நீங்கள் பூ என்று பார்ப்பது நிறம் மாறிய இலைகளை. நடுவில் வெள்ளையாகச் சின்னஞ்சிறு குழல்போல் இருக்கிறதே, அதுதான் பூ. தென்னமெரிக்கச் செடி இது. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடற்பயணி 1766-இல் உலகைச் சுற்றப் புறப்பட்டபோது, கப்பலில் கொமர்சன் என்ற தாவரவியலாளர் இருந்தார். பிரேசிலில் இதைச் சேகரித்தவர் அவர். அவருக்கு உதவியாளராக ஆண்வேடத்தில் போனவர் ழான் பாரே. பெண்கள் கப்பலேற அனுமதியில்லாத அந்தக் காலத்தில் காடுமேடெல்லாம் ஏறிச் செடிகளைச் சுமந்து திரட்டியவர். உலகத்தைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக வரலாறு அறிவது அவரைத்தான். செடிக்குக் கப்பல் தலைவரின் பெயர் கிடைத்தது. அடுத்த முறை காகிதப்பூவைப் பார்க்கும்போது நீங்கள் அந்தப் பெண்ணையும் நினைத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்.

கே: பூசணியிலும் பீர்க்கிலும் பூ பூவாக வந்து உதிர்கிறது. பிஞ்சே நிற்கவில்லை. திருஷ்டியாக இருக்குமோ?
(வாசகி, ஈரோடு)

ப: திருஷ்டிக்கு உடைக்கும் பூசணிக்கே திருஷ்டியா! பூவைக் கையில் பிடித்துக் காம்பைப் பாருங்கள். இதழுக்குக் கீழே குட்டிக் காய் இருந்தால் பெண்பூ. வெறுங்காம்பு என்றால் ஆண்பூ. இந்தக் குடும்பத்துக் கொடிகளில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண்பூதான்; வெயில் ஏற ஏற ஆண்பூவின் எண்ணிக்கையும் ஏறும். ஆகவே தொடக்கத்தில் உதிர்வதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

பெண்பூவும் வந்து, பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால் தேனீ வரவில்லை என்று பொருள். மொட்டைமாடித் தோட்டங்களில் இது அடிக்கடி நடக்கும். அப்போது தேனீயின் வேலையை நீங்கள் செய்ய வேண்டும். ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, நடுத்தண்டின் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மென்மையாகத் தடவுங்கள். பலர் தோற்பது நேரத்தில். பூசணிப்பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் மூடிவிடும். அதற்குக் காலை 8 மணிக்குள். பீர்க்கும் சுரையும் மாலையில்தான் விரியும். அவற்றுக்கு விளக்கு வைக்கும் நேரம். காலையில் பீர்க்கம்பூவோடு போராடினால் ஒன்றும் நடக்காது. புடலையும் இருட்டும்போது விரிகிற சாதிதான்.

கூடவே இரண்டு செண்டுமல்லிச் செடியோ, பூக்க விட்ட துளசியோ பக்கத்தில் இருக்கட்டும். தேனீக்கு வழி தெரிந்துவிட்டால் உங்களுக்கு ஓய்வு.

கே: மாமரம் தை மாதம் பூத்துக் கொட்டியது. காய் மட்டும் எண்ணிவிடுகிற அளவில்தான் இருக்கிறது. பூவுக்கு மருந்தடிக்கலாமா?
(வாசகர், சேலம்)

ப: மாம்பூங்கொத்து ஒன்றில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் பூ இருக்கும். அதில் பெரும்பங்கு ஆண்பூ, அவை காய்ப்பதில்லை. ஒரு கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே மரத்துக்கு அது பாரம்தான். பூ மலர்ந்திருக்கும்போது மருந்தடித்தால் முதலில் சாவது மகரந்தம் கொண்டுவரும் ஈக்களும் தேனீக்களும். எனவே விரிந்த பூவுக்கு மருந்து வேண்டாம். மொட்டாக இருக்கும்போதே கொத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சாம்பல் நோய். பனி அதிகமான ஆண்டுகளில் வரும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் தண்ணீர் விடத் தொடங்குங்கள். பூக்கும் முன் தண்ணீர் விட்டால் மாமரமும் காகிதப்பூ போலத்தான்: இலையாகத் தள்ளிவிடும்.

கே: செடிகளோடு பேசினால் நன்றாக வளரும் என்கிறார்களே, உண்மையா?
(வாசகி, சென்னை)

ப: பேசுங்கள். பேசும்போதே இலையைத் திருப்பி அடிப்புறத்தையும் பாருங்கள். வெயில் காலத்தில் செம்பருத்தியைப் பிடிக்கும் மாவுப்பூச்சி அங்கேதான் குடியேறும். எறும்பு வரிசையாக ஏறினால் அதுவே முதல் தகவல். மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். ஆரம்பத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சி அடித்து விரட்டலாம். மீறினால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்புத் திரவம். மாலையில் மட்டும் தெளியுங்கள். தினமும் பேசுகிறவர்களின் செடி நன்றாக இருப்பதற்கு, தினமும் பார்க்கிறார்கள் என்பது போதுமான காரணம்.

கே: மார்கழியில் அப்படிக் காய்த்த தக்காளி, இப்போது பூவோடு நின்றுவிடுகிறது. உரம் மாற்ற வேண்டுமா?
(வாசகர், வேலூர்)

ப: வேலூர் வெயிலை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்! பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கும், பூ உதிரும். 50 சதவீத நிழல்வலை கட்டி, மண்ணை மூடாக்குப் போட்டுக் காப்பாற்றினால் கொஞ்சம் தாங்கும். என் யோசனை, தக்காளியை விட்டுவிட்டு வெண்டையும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் போடுங்கள். வெயிலை விரும்பும் செடிகள் இருக்கும்போது, வெயிலுக்கு அஞ்சுகிற செடியை எதற்கு வருத்த வேண்டும்?

கே: காஷ்மீரில் டூலிப் தோட்டம் பார்த்து மயங்கிவிட்டேன். சென்னையில் வளர்க்க வழி உண்டா?
(வாசகி, மயிலாப்பூர்)

ப: டூலிப் கிழங்குக்கு மூன்று மாதமாவது கடுங்குளிர் வேண்டும். அதற்குப் பிறகுதான் பூ வரும். ஸ்ரீநகரில் மார்ச் கடைசியில் பூக்கிறது என்றால், அதற்கு முன்னால் பனிக்காலம் முழுவதும் அது மண்ணுக்கடியில் உறங்கியிருக்கிறது. சென்னையில் குளிர்பெட்டியில் வைத்து ஒருமுறை பூக்க வைக்கலாம். அடுத்த ஆண்டு வராது.

உங்களுக்கு நான் தரும் மாற்று, ஃபுட்பால் லில்லி. அதுவும் கிழங்குதான். நம் வறண்ட மாதங்களில் இலையெல்லாம் போய் உறங்கும். அப்போது தொட்டியைக் காயவிட வேண்டும். சித்திரை வைகாசியில் இலைக்கும் முன்னாலேயே தண்டு எழும்பி, நூறு சிறுபூக்கள் சேர்ந்த செந்நிற உருண்டை ஒன்று விரியும். அடுத்த ஆண்டும் வரும், குட்டிக் கிழங்குகளோடு.

கே: ஊட்டியில் உறைபனி விழுந்து செடியின் நுனியெல்லாம் கருகிவிட்டது. உடனே வெட்டிவிடட்டுமா?
(வாசகர், ஊட்டி)

ப: வேண்டாம். கருகிய இலை கீழே உள்ள துளிருக்குப் போர்வை. வெட்டினால் புதுத்துளிர் வரும்; அடுத்த உறைபனி அதையும் தின்னும். பனி முழுக்க ஓய்ந்தபின் உயிருள்ள கணு வரை வெட்டுங்கள். வானம் தெளிந்து காற்றும் அசையாத இரவுகளில்தான் உறைபனி இறங்கும். அன்று மாலையே செடிகளை மூடி, காலை வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பகலில் மண்ணை ஈரமாக்கி வைப்பதும் உதவும், ஈரமண் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். உங்கள் ஊர்த் தாவரவியல் பூங்கா 1848-லிருந்து இந்தப் பனியோடு வாழ்ந்துதான், 1896-இல் தொடங்கிய மலர்க் கண்காட்சிக்கு மே மாதத்தில் பூ காட்டுகிறது.

கே: சங்குப்பூக் கொடியில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது. கொடியை வெட்ட வேண்டியிருக்கிறதே?
(வாசகி, தஞ்சாவூர்)

ப: முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும்வரை ஏறத்தாழ ஒரு மாதம். கொடி காத்திருக்கும். நீங்களும் காத்திருங்கள், தயவுசெய்து. எலுமிச்சைக் கன்றில் பறவை எச்சம்போல் ஒரு புழு இருக்கிறது என்று எழுதிய இன்னொரு வாசகருக்கும் இதே பதில்தான்: அது பட்டாம்பூச்சி. கன்று மிகச் சிறியது என்றால், புழுவை ஒரு பெரிய எலுமிச்சைச் செடிக்கு மாற்றிவிடுங்கள்.

கே: ஒரே ஒரு செடி வைக்க இடமிருக்கிறது. எதை வைப்பீர்கள்?
(வாசகர், நாகர்கோவில்)

ப: மனோரஞ்சிதம். தயக்கமே இல்லை. பூ பச்சையாக இலைக்குள் ஒளிந்திருக்கும்வரை மணமே இருக்காது. அது மஞ்சளாகும் அன்று மாலை, வாசலில் பழக்கடை வைத்ததுபோல் இருக்கும். நினைத்த பழத்தின் வாசனை வரும் என்பார்கள். முகர்ந்து நீங்களே முடிவு செய்யுங்கள். பூக்காம்பிலேயே கொக்கி வைத்துப் பற்றி ஏறும் செடி அது, பந்தலோ மதில் கம்பியோ ஒன்று கொடுங்கள்.

கே: பக்கத்து வீட்டு முருங்கை சுவர் தாண்டி எங்கள் பக்கம் காய்க்கிறது. அந்தக் காய் யாருக்குச் சொந்தம்?
(வாசகர், தேனி)

ப: அதை என்னிடம் கேட்காமல் அவர்களிடம் கேளுங்கள்; இரண்டு காய்க்கு நாலு காயாகக் கிடைக்கும். அவர்கள் மரத்தைக் கழிக்கும்போது நாலடி நீளத்தில் மணிக்கட்டுப் பருமனுள்ள ஒரு போத்தும் கேட்டு வாங்குங்கள். மேல்முனையில் சாணம் அப்பி, தண்ணீர் தேங்காத இடத்தில் நடுங்கள். போத்து வளர்ந்து காய்க்கும்வரை பொறுக்க முடியாது என்றால், உங்கள் மாவட்டத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 விதை ஊன்றலாம். ஆறேழு மாதத்தில் காய்க்கும். இடுப்பளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ள மறக்காதீர்கள். கிள்ளாவிட்டால் காய் பறிக்க ஏணி வாங்க வேண்டிவரும்.