குட்டி யானையும் பத்து மாத அட்வான்ஸும்

வீடு மாறுவது என்றால் சாமான்களை ஏற்றி இறக்குவது என்று ஒருவர் நினைத்தால், அவருக்குச் சொந்த வீடு இருக்கிறது என்று அர்த்தம். சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கிறவனுக்குத் தெரியும், மாற வேண்டியது சாமான் இல்லை, அட்வான்ஸ். அது மட்டும் ஒழுங்காக ஒரு வீட்டுக்காரரிடமிருந்து இன்னொரு வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால், பீரோ தானாகப் பின்னாலேயே வந்துவிடும்.

எங்கள் சொந்தத்தில் யார் வீடு மாறினாலும் எனக்குத்தான் போன் வரும். கல்யாணத்துக்குச் சமையல்காரர் பிடிக்க ஒரு சித்தப்பா, ஆஸ்பத்திரி விவகாரத்துக்கு ஒரு மாமா என்று குடும்பத்தில் இலாகா பிரித்திருக்கிறார்கள். என்னுடையது வீடு மாற்றல் துறை. பெரம்பூர், கொளத்தூர், மடிப்பாக்கம், நங்கநல்லூர் என்று வடக்கிலிருந்து தெற்காக நகரத்தை அளந்ததில் கிடைத்த பதவி. சம்பளம் கிடையாது, அறிவுரை சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் கணக்கு. வாடகை 18,000 என்று வைத்துக்கொள்வோம். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், 1,80,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. முதல் மாத வாடகையும் முன்னாலேயே. சாவி கைக்கு வருவதற்குள் 2,16,000 போயிருக்கும். இதைக் கொடுத்துவிட்டு, டெம்போ வாடகையில் முந்நூறு ரூபாய் குறைத்துவிட்டேன் என்று மார் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். அந்த 1,80,000 ஏழு சதவீத வட்டிக்கு வங்கியில் கிடந்தால் வருஷத்துக்கு 12,600 ரூபாய், மாதத்துக்கு 1,050. ஆக உண்மையான வாடகை 19,050. இதை என் மனைவிக்கு விளக்கியபோது அவள், "அந்தப் பணம் கையில இருந்தா நீங்க பேங்க்ல போட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பீங்களாக்கும்" என்றாள். கணக்கில் அந்த ஒரு ஓட்டை உண்டு.

சட்டம் என்னவோ நம் பக்கம்தான். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. சொன்ன கையோடு, இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டாலொழிய என்று ஒரு வாலையும் ஒட்டிவைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஊர் முழுக்கப் பத்து மாதத்திலேயே நிற்கிறது. மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டுக்காரரிடம், "சட்டப்படி மூணு மாசம்தான் சார்" என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தேன். பெரியவர் கோபப்படவே இல்லை. "நல்ல சட்டம் தம்பி. அந்தச் சட்டத்துலயே ரெண்டு பெட்ரூம் காலியா இருந்தா பார்த்துக்குங்க" என்றார்.

சட்டம் இறக்காத அட்வான்ஸை ஆடி மாதம் இறக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை யாரும் குடி போக மாட்டார்கள். ஆனிக் கடைசியில் காலியான வீடு ஆவணி பிறக்கும்வரை பூட்டியே கிடக்கும். பூட்டைத் தினமும் பார்க்கப் பார்க்க வீட்டுக்காரரின் மனம் இளகும். தை மாதத்தில் பத்திலிருந்து அசையாத மனிதர், ஆடி பாதி தாண்டும்போது ஆறுக்கு இறங்கி, கேட்காமலே மொட்டை மாடிக் கொடியில் பாதியையும் நமக்கு எழுதிவைப்பார். ஆடித் தள்ளுபடி ஜவுளிக் கடைக்கு மட்டும்தான் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. பேசி முடித்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணியில் பால் காய்ச்சிக்கொள்ளலாம். ஆடியில் டோக்கன் கொடுப்பது தோஷமில்லை என்று என் மாமியாரே தீர்ப்பு சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குப் போடுவார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகைப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பதினொன்று அது. எத்தனை மாதமானாலும் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2017 சட்டம் சொல்லிவிட்டது. புரோக்கர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. பத்திரத்தில் நாம் பார்க்க வேண்டிய வரி பெயின்ட். காலி பண்ணும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்வது இங்கே எழுதாத வழக்கம். எழுதாமல் இருந்தால் ஒரு மாதம், எழுதப் போனால் சில சமயம் அரை மாதம். குடி வருகிற அன்றைக்கே சுவர்களையும் ஏற்கெனவே இருக்கிற ஆணிகளையும் செல்போனில் வீடியோ எடுத்து வைப்பது நல்லது. போகிற அன்று எல்லா ஆணியும் நம் ஆணிதான்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை போதும்: தனி மீட்டரா, சப் மீட்டரா? இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. சப் மீட்டர் வீட்டில் அது வீட்டுக்காரர் மாடியோடு நின்றுவிடும். நமக்குக் கீழே வந்து சேர்வது யூனிட் எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என்கிற ஒரே விலைதான்.

தண்ணீரை மட்டும் இப்படி ஒரு வார்த்தையில் விட முடியாது. "தண்ணி எப்படி?" என்றால் சென்னையில் எல்லா வீட்டுக்காரர்களும் "அந்தப் பிரச்சினையே கிடையாது" என்பார்கள். நாம்தான் மே மாதம் தனியாக, டிசம்பர் தனியாகக் கேட்க வேண்டும். மே மாதம் அது குழாயில் வர வேண்டும்; டிசம்பரில் ஹாலுக்கு வரக் கூடாது. 2019-ல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கீழ்த்தளத்துக்காரர்கள் மாடி வீடுகளில் போய்ப் படுத்த ஊரும் இதுதான்.

உண்மை வேண்டுமானால் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். காலர் முடிந்து கைக்கு வருவதற்குள், எந்த வீட்டுக்கு வாரம் எத்தனை லாரி, வெள்ளம் எந்தப் படி வரைக்கும் ஏறியது, முன்பு குடியிருந்தவர் ஏன் ராத்திரியோடு ராத்திரியாகப் போனார் எல்லாம் வந்துவிடும். இவ்வளவு வில்லங்கம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பணம் கட்டினாலும் கிடைக்காது. அவர் ஊருக்குப் போயிருந்தால் நம் கண்தான் துணை. குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் போர் தண்ணீர் உப்பு. தெருவிலிருந்து வீட்டுக்குள் ஏறாமல் இறங்கிப் போனால், சாலையை மேலே மேலே போட்டே உயர்த்திவிட்டார்கள் என்று அர்த்தம். மழை நமக்கு முன்னால் குடி வரும். மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே மாட்டியிருந்தால், மாட்டியவர் எதையோ பார்த்திருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகுதான் சாமான். டென்ஷன் குறைய ஒரே வழி, குடி போகிற நாளையும் சாமான் போகிற நாளையும் பிரித்துவிடுவது. நல்ல நாள் பார்த்து விடியற்காலையில் சாமி படம், குடத்தில் தண்ணீர், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு, ஓர் அடுப்போடு போய்ப் பால் காய்ச்சிவிட்டால், தெய்வத்தின் கணக்கில் நாம் குடி வந்தாயிற்று. அதற்கப்புறம் பீரோ ராகுகாலத்தில் வந்தாலும் கேள்வியில்லை. மாதக் கடைசி ஞாயிறன்று ஊரே வண்டி தேடும்போது, நாம் ஒரு செவ்வாய்க்கிழமை சாவகாசமாக, குறைந்த வாடகைக்குக் குட்டி யானையைப் பிடிக்கலாம்.

குட்டி யானை என்பது டாடா ஏஸ். 2005-ல் வந்தது. முக்கால் டன் ஏற்றலாம் என்பது கம்பெனிக் கணக்கு. ஓட்டுநர்கள் அதற்கெல்லாம் கட்டுப்பட்டவர்கள் இல்லை. கயிறு எட்டுகிற உயரம்தான் அவர்கள் கணக்கு.

போன முறை கட்டி இந்த முறை வரை பிரிக்காத மூட்டை வண்டியில் ஏறக் கூடாது என்று நான் ஒரு சட்டம் போட்டேன். "அப்படிப் பார்த்தா உங்க டிகிரி சர்டிபிகேட்டையும் இங்கேயே விட்டுட்டுப் போக வேண்டியதுதான்" என்றாள் மனைவி. சட்டம் வாபஸ் ஆனது. கல்யாணத்தில் வந்த, பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரங்கள் ஏறின. கொலு பொம்மைப் பெட்டி ஏறியது. மாமியாரின் பித்தளைத் தவலை, முன் சீட்டில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறியது. அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிய தம்பி இரண்டு படி ஏறி நின்று மூச்சு வாங்கினான்.

"உள்ள என்னண்ணே, கல்லா வச்சிருக்கீங்க?"

"ஆமாப்பா. கிரைண்டர் கல்லு."

கிண்டலுக்குக் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் வந்தால் மனிதன் எவ்வளவு நொந்துபோவான் என்று அன்று பார்த்தேன். டீக்காசில் ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன்.

பீரோ வேறு ஜாதி. அது கன்னி மூலையில் வடக்குப் பார்த்து நிற்க வேண்டும் என்பது சாஸ்திரம். மாடிப்படித் திருப்பத்தில் எப்படித் திரும்ப வேண்டும் என்று சாஸ்திரத்தில் ஒன்றுமில்லை. எனவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் டேப்போடு போய்ப் படிக்கட்டை அளப்பேன். வீட்டுக்காரர்கள் என்னை இன்ஜினீயர் என்று நினைத்து மரியாதை கூட்டுவது இதில் கிடைக்கிற கொசுறு.

எல்லாம் ஏறியாயிற்று. பழைய அட்வான்ஸ்? காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது அதே சட்டம். வீட்டுக்காரர், "புது ஆள் வந்ததும் குடுத்துடறேன் சார்" என்கிறார். புது ஆளோ, அவருடைய பழைய வீட்டுக்காரர் கொடுத்ததும் கொடுப்பார். அந்த வீட்டுக்காரருக்கு இன்னொரு புது ஆள் வர வேண்டும். சென்னை முழுவதிலும் உண்மையில் ஒரே ஒரு 1,80,000 ரூபாய்தான் இருக்கிறது, அதுதான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் சந்தேகம்.

இதற்கு மருந்து, நோட்டீஸ் கொடுக்கும்போதே புது ஆளையும் நாமே கையோடு கூட்டிப்போவது. அலுவலகத்தில் விசாரித்து ஒருவரைப் பிடித்தேன். கொளத்தூர்க்காரர், அடக்கமானவர், குடும்பஸ்தர். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். வந்தவர் ஹாலைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், மே மாசத்துல தண்ணி எப்படி?"

வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். அவரிடம் என் 1,80,000 இருந்தது.

"காத்து பிரமாதமா வரும் சார்" என்றேன்.

வந்தவர் குளியலறைக்குப் போய்க் குழாயை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஆறு மாச அட்வான்ஸ்னா முடிச்சுக்கலாம்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"லாரிக்காரர் நம்பர் இருந்தா வாட்ஸப்ல போட்டுடுங்க சார்."