நடந்தே வந்த சனத்துக்கு ஒரு நடைப்பாடம்

ஐரோப்பா எங்களுக்குப் பை கட்டப் படிப்பிக்கிறது. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய ஆணையர் ஹஜா லாபிப் வீடியோவில் தன் கைப்பையைத் திறந்து காட்டினார்: டோர்ச், தண்ணீர், கத்தி, பொழுதுபோகச் சீட்டுக்கட்டு. 72 மணிநேரம் சமாளிக்கலாமாம். நவம்பரில் பிரான்ஸ் அரசும் தன் பங்குக்கு ஒரு கையேடு விட்டது. ஆளுக்கு 6 லீற்றர் தண்ணீர், பற்றரி வானொலி, பத்திரங்களின் பிரதி.

பத்திரங்களின் பிரதியா? பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலுக்கு வந்து கேளுங்கள். பிரான்சின் அகதி அலுவலகமான ஒஃப்ப்ராவுக்குக் கேஸ் எழுதின சனம், பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீன் உறையில் சுற்றி நெஞ்சோடு கொண்டு திரிந்த சனம் இது. 1995 அக்டோபர் 30 இரவு, ஊரை விட்டுப் போகச் சொன்ன ஒலிபெருக்கி அறிவிப்புக் கேட்டு யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. லட்சக்கணக்கான பேர். சீட்டுக்கட்டு எடுக்க மறந்துவிட்டார்கள். ஆணையர் மன்னிக்க வேண்டும்.

அதே ஆண்டு நவம்பர் கடைசியில் பாரிஸும் நடந்தது. அப்போதைய பிரதமர் ஜூப்பேயின் பென்ஷன் திட்டத்தை எதிர்த்த வேலைநிறுத்தத்தில் மெற்றோவும் ரயிலும் மூன்று கிழமையளவு முடங்கின. 2019 டிசம்பர் 5 முதல் மறுபடியும் பென்ஷனுக்காக வேலைநிறுத்தம். சாரதி இல்லாத 1ஆம், 14ஆம் லைன்கள் மட்டும் வழமைபோல் ஓடின. வேலைநிறுத்தம் செய்தவர்களில் எனக்குக் கோபமில்லை, தங்கள் பென்ஷனுக்காக நின்றார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாமே என்று புத்தி சொன்ன பெரிய மனிதர்களில்தான் கோபம். லா டெஃபான்ஸ் அலுவலகக் கக்கூசை லா கூர்நெவ்வில் இருந்தபடி எப்படி ஐயா கழுவுவது?

காருக்குள் மாட்டினால் கதை வேறு. 2018 பெப்ரவரியில் பாரிஸுக்குப் பக்கத்து என்118 நெடுஞ்சாலையில் பனிக்குள் நூற்றுக்கணக்கான கார்கள் விடியவிடிய நின்றன, நாடே பதறியது. காரில் போர்வை வை, தண்ணீர் வை, நடக்கச் சப்பாத்து வை என்று புத்திமதி மேல் புத்திமதி. நவிகோ பயண அட்டை மட்டும் வைத்திருப்பவன் இதையெல்லாம் எந்த டிக்கியில் வைப்பான்?

2025 மார்ச் 7இல் இரண்டாம் உலகப்போரின் 500 கிலோ குண்டொன்று தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அகப்பட்டு, பாரிஸின் கார் து நோர் நிலைய ரயில்கள் பகல் முழுக்க நின்றன. குண்டுக்குத் தப்பி வந்தவனைக் குண்டு இங்கேயும் நடக்கவிட்டது.

ரயில் ஓடாமல் பிந்தினால், வேலை செய்யாத நேரத்துக்கு முதலாளி சம்பளம் வெட்டலாம், சட்டம் விடுகிறது. விடிய மூன்று மணிக்கு நடக்கத் தொடங்கியும் பிந்தினவனின் அந்த வெட்டுப்பட்ட காசுக்கு உங்கள் கையேட்டில் எத்தனையாம் பக்கம், ஐயாமாரே?