ஒரு யூரோ பணமா? தள்ளுவண்டிப் பூட்டு குறித்த ஓர் ஆராய்ச்சி

ஜெர்மனியில் பல்பொருள் அங்காடிகளின் வாசலில் தள்ளுவண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி, சங்கிலியால் கோக்கப்பட்டு நிற்கும். கைப்பிடியில் உள்ள பூட்டில் ஒரு யூரோவைத் தள்ளினால் சங்கிலி கழன்று வண்டி கைக்கு வரும். சாமான் வாங்கி முடித்து, வண்டியை வரிசையில் சேர்த்துச் சங்கிலியை மாட்டினால் நாணயம் வெளியே துருத்தும். போட்ட காசை விட மனம் வராததால்தான் மக்கள் வண்டியைத் திருப்பி விடுகிறார்கள் என்பது பூர்வபட்சம். இக்கட்டுரை அதை மறுக்கிறது. பூட்டுக்குள் போன நொடியிலேயே அந்த நாணயம் பணமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. 'என்னுடையது ஒன்று அங்கே மாட்டிக்கிடக்கிறதே' என்ற உறுத்தல்தான் மனிதரைத் திரும்ப நடக்க வைக்கிறது என்பது நம் சித்தாந்தம்.

முதற்சான்று, பிளாஸ்டிக் வில்லை. நாணய அளவில் செய்த இந்த வில்லையை அங்கே மருந்துக்கடையும் வங்கியும் இலவசமாகத் தருகின்றன. தேர்தல் வந்தால் கட்சிக்காரர்களும் சின்னம் அச்சிட்டுத் தருகிறார்கள். இதைக் கொண்டு ஒரு பன் கூட வாங்க முடியாது. ஆனால் இதைச் செருகி வண்டி எடுத்தவரும், மழையானாலும் பனியானாலும், யூரோ போட்டவரைப் போலவே வரிசைவரை நடந்து போய் மீட்டுக்கொள்கிறார். அடுத்த வாரம் வண்டி எடுக்க வேண்டுமே, அதனால் வில்லைக்கும் மதிப்புண்டு என்பாரும் உளர். அது பொருந்தாது, இன்னொன்று கேட்டால் சும்மாவே கிடைக்கும். தவிர, சாவிக்கொத்தில் தொங்கும் ஒரு வகை உண்டு. பூட்டைத் திறந்த கையோடு அதை உருவிப் பையில் போட்டுக்கொள்ளலாம். வண்டியை எங்கே விட்டாலும் நயாபைசா நட்டமில்லை. அதை வைத்திருப்போரும் வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவதாகத் தெரியவில்லை. மறுபக்கம், யூரோவையே பயன்படுத்துவோர் அதற்கென ஒரு நாணயத்தைக் கோட்டுப் பையில் தனியே வைத்திருப்பார்கள். பேக்கரியில் சில்லறை குறைந்தாலும் அதைத் தொடமாட்டார்கள். குலதெய்வத்துக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசுக்கும் இதே அந்தஸ்துதான்.

பூட்டின் தரப்பிலிருந்து பார்த்தாலும் முடிவு மாறாது. அதற்கு விட்டமும் தடிமனும் தெரியும்; மதிப்பு தெரியாது. ஒரு யூரோவின் விட்டம் 23.25 மில்லிமீட்டர், ஐம்பது சென்ட்டுக்கோ 24.25. பாதி மதிப்புள்ளது பெரிதாக இருக்கிறது. பல பூட்டுகள் இரண்டையும் ஏற்கின்றன. பிரிட்டனில் 2017 அக்டோபர் 15-ஆம் தேதியோடு பழைய வட்டப் பவுண்டு செல்லாக்காசானது. மாற்றியமைக்காத பூட்டுக்கு அரசாணை பற்றி என்ன கவலை? நம் பழைய ஐந்து ரூபாயின் விட்டம் 23 மில்லிமீட்டர் என்பதை, எந்த உள்நோக்கமும் இல்லாமல், தகவலுக்காக மட்டும் இங்கே பதிவு செய்கிறோம்.

அஃதேல், அமெரிக்காவில் பூட்டில்லாத கடைகளின் வாகன நிறுத்தத்தில் வண்டிகள் திசைக்கொன்றாய்க் கிடக்கின்றனவே, காசில்லாததால்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தள்ளுவண்டி பிறந்ததே அந்த நாட்டில்தான். 1937-இல் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் அதை அறிமுகப்படுத்தியபோது யாரும் தொடவில்லை. கூலிக்கு ஆள் வைத்து, கடைக்குள் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்லித்தான் பழக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே அமெரிக்காவில் ஆல்டி கடை வண்டிகளுக்கு வெறும் 25 சென்ட் போதுமானதாக இருக்கிறது. அந்தக் காசைக் கூலியாகத் தருகிறேன், ஒரு வண்டியைக் கொண்டுபோய் விடுங்கள் என்று அதே வாடிக்கையாளரிடம் கேட்டுப் பாருங்கள், முறைப்பார். கூலியாக மதிக்காத தொகைக்குத் தன் காசு என்றால் நடக்கிறார். தொகையின் அற்பத்தனமே நம் கட்சிக்கு வலுவான சாட்சி.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருக்கிறது. மழை நாளில், புதிதாக வருபவர் யூரோவை நீட்டி, காலியான வண்டியை வாகன நிறுத்தத்திலேயே வாங்கிக்கொள்வது வழக்கம். பூட்டுக்குள் இருப்பது வில்லை என்றால்? காசு பணமாகவே இருந்தால், இலவச வில்லைக்கு ஒரு யூரோ கிடைக்கும் இந்த வாய்ப்பை யாரும் விடக்கூடாது. நடப்பதோ வேறு. கொடுப்பவர் 'உள்ளே இருப்பது வில்லை' என்று தலையசைத்து, மழையில் தானே தள்ளிக்கொண்டு போகிறார். வாங்குபவரும் நீட்டுவதற்கு முன் குனிந்து துளையைப் பார்க்கிறார். பின்னது நேர்மையைக் குறித்த சந்தேகம் என்பதால் நம் ஆய்வெல்லைக்குள் வராது.

ஜெர்மனிக்குப் படிக்கவோ வேலைக்கோ கிளம்புகிறவர்கள், இறங்கியதும் முதல் யூரோ நாணயத்தைச் செலவழிக்காமல் தனியே எடுத்து வையுங்கள். கையில் நோட்டும் கார்டும் மட்டும் இருந்தால் வண்டி கிடைக்காது.