தக்கை அசையுது, பார்!

கேள்வி: ஏழு வயது மகனுக்குத் தூண்டில் வாங்கப் போகிறேன். ஒன்பதடிக் கம்பாகவே வாங்கிவிட்டால் வளர்ந்த பிறகும் ஆகுமே? (ஓர் அப்பா, ஒத்தக்கடை)

பதில்: பள்ளிச் சட்டையைப் பெரிதாக வாங்கி மடித்துத் தைக்கலாம். கம்பை மடித்துத் தைக்க முடியாது. ஒன்பதடிக் கம்பின் நுனி கனத்தில் பிள்ளையின் மணிக்கட்டு ஐந்தே நிமிடத்தில் ஓய்ந்துவிடும். நாலரை, ஐந்தடி போதும். ஃபைபர் கிளாஸ் கம்பாகக் கேளுங்கள். கார்பன் கம்பு எடை குறைவு, ஆனால் கல்லில் தட்டினால் முறியும். மின்சாரத்தையும் கடத்தும். நம் கண்மாய்க் கரைகளில் பம்ப்செட்டுக்குப் போகிற மின்கம்பிகள் தாழ்ந்து தொங்குகின்றன. எந்தக் கம்பானாலும் அந்த மின்கம்பிகளுக்குக் கீழே நின்று தூண்டில் வீச விடாதீர்கள்.

கேள்வி: மூடி போட்ட ரீல், திறந்த ரீல் என்று இரண்டு காட்டுகிறார்கள். எது நல்லது? (ஓர் அம்மா, திருநகர்)

பதில்: ஆறேழு வயதுக்கு மூடி போட்டதுதான். பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு வீச வேண்டும், பாதி வீச்சில் விரலை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். திறந்த ரீலில் வளையத்தைத் திருப்பி, நரம்பை ஒற்றை விரலில் பிடித்து, சரியான நேரத்தில் விட வேண்டும். ஒன்பது, பத்து வயதில் அது கைவரும். அப்போது 1000 அல்லது 2000 அளவு ரீல் வாங்குங்கள். நரம்பு கால் மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால் போதும். பின்னல் நரம்பு வேண்டவே வேண்டாம், இழுபடும்போது பிஞ்சு விரலை அறுத்துவிடும்.

வாங்கிய அன்றே தண்ணீருக்குக் கூட்டிப் போகாதீர்கள். முள் கட்டாமல் ஒரு ரப்பர் துண்டைக் கட்டிக் கொடுங்கள். மைதானத்தில் வாளி ஒன்றை வைத்து, அதற்குள் விழுகிறதா என்று ஒரு வாரம் வீசிப் பழகட்டும்.

கேள்வி: நாங்கள் மூங்கில் குச்சியில் பிடிக்காத மீனா? பேரனுக்கு ரீல் எதற்கு? (ஒரு பாட்டி, மேலூர்)

பதில்: பேரனுக்கு ஐந்து வயதென்றால் என் ஓட்டு உங்களுக்குத்தான். அந்த வயதில் கையில் ரீல் இருந்தால் அதைச் சுற்றுவதிலேயே பொழுது போய்விடும், மீன் மறந்துவிடும். குச்சியில் அந்தத் தொல்லை இல்லை. ஆறடி மூங்கில், அதே நீளத்துக்குத் தங்கூசி, பழைய ரப்பர் செருப்பில் அறுத்த தக்கை, ஒரு சிறு ஈயக்குண்டு, சின்ன முள். இரைக்கு மண்புழு, இல்லையென்றால் பிசைந்த கோதுமை மாவு. செலவு ஒரு வேளை டிபனுக்கு ஆகிற காசு.

கரையோரத்தில் முதலில் கடிப்பது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டைதான். தக்கை இரண்டு தடவை நடுங்கும். பிள்ளை உடனே இழுக்கப் பார்க்கும். தோளில் கை வையுங்கள். பிறகு தக்கை பக்கவாட்டில் வழுக்கிப் போகும், அப்போது “இப்ப!” என்று சொல்லுங்கள். சுண்டக்கூட வேண்டாம், குச்சியைத் தூக்கினாலே போதும். உள்ளங்கை அகல மீன் ஒன்று காற்றில் துள்ளுகிற அந்த நொடியில் பேரனின் முகத்தைப் பாருங்கள். எந்த ரீலும் அதற்கு ஈடில்லை. அந்த மகிழ்ச்சிக்குப் பிறகு ரீல் வாங்கிக் கொடுத்தால் அதன் அருமை அவனுக்குத் தெரியும்.

ஜிலேபி நம் ஊர் மீனில்லை. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன், வந்த இடமெல்லாம் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததைக் குழம்பு வையுங்கள். உயிரோடு கொண்டுபோய் வேறு கண்மாயில் விடாதீர்கள்.

கேள்வி: முதல் நாளே அயிரை கிடைக்குமா? (மீன்குழம்புப் பிரியர், சிம்மக்கல்)

பதில்: அயிரைக்கு வலை. தூண்டிலுக்கு ஜிலேபி.

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கிறேன். பொம்பளப் பிள்ளைக்குத் தூண்டில் எதுக்கு என்கிறார் மாமா. (ஒரு மாணவி, வாடிப்பட்டி)

பதில்: பாண்டியன் கொடியில் மீன், நம்மை ஆளும் மீனாட்சியின் பேரிலேயே மீன். மதுரைச் சீமையில் இந்தக் கேள்வி எழவே கூடாது, தாயி. மாமாவையும் கரைக்குக் கூட்டிப் போ. உனக்கு ஒரு பாடம் மட்டும் சொல்கிறேன். கெளுத்தி மாட்டினால் கையால் பொத்திப் பிடிக்காதே. முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒரு முள், மூன்றும் கடுமையாகக் கடுக்கும். ஈரத்துணியால் பெரியவர்கள் பிடித்துக் கழற்றட்டும்.

கேள்வி: எந்தக் கண்மாய்க்குப் போகலாம்? (ஓர் அப்பா, ஆனையூர்)

பதில்: முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். பல கண்மாய்களில் மீன்பாசி ஏலம் விட்டிருப்பார்கள், அங்கே மீன் குத்தகைதாரருக்குச் சொந்தம். பிள்ளையோடு போய்ப் பணிவாகக் கேட்டால் ஒரு தூண்டிலுக்கு மறுப்பவர் குறைவு. கோடையில் மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாவும் வலையுமாக இறங்கும். அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள், ஆனால் அந்த நெரிசலில் தூண்டில் வேண்டாம்.

இடத்தைவிட ஆழம் முக்கியம். மடைக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள். மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீர் நிறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, முழங்கால் தண்ணீர் என்று நினைத்த இடம் அடுத்த அடியில் ஆளை முழுக்கும். கரையில் இருக்கும் நேரம் முழுக்கப் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், போனைப் பையில் போட்டுவிட்டு உட்கார வேண்டும். இதில் எனக்குச் சமரசமே இல்லை.

கேள்வி: முள் விரலில் ஏறிவிட்டால்? (ஓர் அத்தை, திருமங்கலம்)

பதில்: ஏறுவதற்கு முன்பே வழி உண்டு. கடையிலிருந்து வந்ததும் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்குங்கள். குத்தினாலும் வழுக்கி வெளியே வந்துவிடும். மீனுக்கும் காயம் குறைவு. எதிர்க்கொக்கியோடு ஆழமாக ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், டி.டி. ஊசியும் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: சிக்கிய நரம்பை என்ன செய்வது? (ஒரு மாணவர், அலங்காநல்லூர்)

பதில்: கேட்டதற்கே நன்றி, தம்பி. கரையில் போட்டுவிட்டு வராதே. நைலான் மக்காது. நாரையின் காலிலும் நீர்க்காகத்தின் கழுத்திலும் சுற்றிக்கொண்டால் அந்தப் பறவை பட்டினியில் சாகும். துண்டு துண்டாக நறுக்கி, ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வா. அடுத்தவர் விட்டுப்போன நரம்பு கண்ணில் பட்டால் அதையும் எடுத்து அதே டப்பாவில் போடு.