செவிக்கு வேலை இல்லை: ராக் எல்.பி. சேகரிப்பில் காதின் இடம் குறித்து

மேனாட்டு ராக் இசைத்தட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கிடார், டிரம்ஸ், குரல் என்று இசையிலிருந்தே தொடங்குகிறார்கள். இத்துறை இன்னும் அறிவியலாக வளராததற்கு இதுவே காரணம். இசை கேட்பது வேறு, இசைத்தட்டு சேகரிப்பது வேறு. முன்னது பொழுதுபோக்கு. பின்னது கல்வெட்டியலும் சுவடியியலும் பதிப்பியலும் கூடுகிற இடத்தில் முளைத்த புலமைத்துறை. இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கியதால் நேர்ந்த குழப்பத்தைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருதுகோள் இது: 1965-க்கும் 1975-க்கும் இடைப்பட்ட ராக் எல்.பி. தட்டுகளைச் சேகரிப்பவர் அவற்றின்மீது தம் கண், விரல், மூக்கு, பணப்பை அனைத்தையும் செலுத்துகிறார். காதை மட்டும் அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார். இவ்வாய்வாளரும் சேகரிப்பாளரே என்பதால் தரவுக்குப் பஞ்சமில்லை. நடுநிலைக்குத்தான் பஞ்சம்.

முதற்சான்றாக, சேகரிப்பாளர் இருவர் பேசிக்கொள்வதைக் கேட்கலாம்.

“அண்ணே, லெட் செப்பலின் மூணாவது ஆல்பம் மாட்டுச்சு. யூ.கே. காப்பி.”

“லேபிள் என்ன கலர்?”

“ப்ளம் கலர்ணே.”

“அட்டையில சக்கரம் சுத்துதா?”

“நல்லா சுத்துது.”

“ரன்-அவுட்ல எழுத்து இருக்கா?”

“ரெண்டு பக்கமும் இருக்கு.”

“கொடுத்து வச்சவன்டா நீ.”

பாட்டு எப்படி இருக்கிறதென்று அண்ணன் கேட்கவில்லை, தம்பியும் சொல்லவில்லை. 1970-இல் வந்த அந்தத் தட்டின் முன்னட்டையில் ஆங்காங்கே ஓட்டைகள் இருக்கும். உள்ளே பொருத்திய அட்டைச் சக்கரத்தைத் திருப்பத் திருப்ப ஓட்டைக்குள் படங்கள் மாறும். முதற்பதிப்பின் ரன்-அவுட் பகுதியில் அலெய்ஸ்டர் க்ரௌலி என்ற மாந்திரீகரின் வாசகத்தைக் கீறியிருப்பார்கள். விரலுக்கு ஒரு வேலை, கண்ணுக்கு இரண்டு வேலை. காதுக்கு அன்றைக்கு விடுப்பு.

கல்வெட்டுப் பகுதி

கடைசிப் பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே சிறிது அகலத்துக்குப் பாட்டில்லாத பளபளப்பு ஒன்று உண்டு. சேகரிப்பாளர்கள் அதை ரன்-அவுட் என்றும் டெட் வாக்ஸ் என்றும் சொல்வார்கள். கேட்கிறவருக்கு அது எழுந்துபோய் ஊசியைத் தூக்கவேண்டிய இடம். ஆய்வாளருக்கு ஆட்டமே அங்கேதான் தொடங்குகிறது. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, மறுகண்ணில் பூதக்கண்ணாடி வைத்து, அங்கே கீறியிருக்கும் எண்களையும் எழுத்துகளையும் படிக்கவேண்டும். ஜார்ஜ் பெக்கம் என்ற இங்கிலாந்து வெட்டுநர் (மூலத்தட்டில் ஒலிப்பள்ளம் வெட்டுபவர்), தாம் வெட்டிய தட்டுகளில் ‘போர்க்கி’ என்ற தம் பட்டப்பெயரைக் கீறிவிடுவார். கோயில் கட்டிய சிற்பி பெரும்பாலும் பெயர் பொறிக்காமல் போன நாட்டில் பிறந்தவர்களுக்கு இது சற்று உறுத்தும். ஆனால் விலைக்கு நல்லது.

பீட்டில்ஸ், பிங்க் ஃப்ளாய்ட் தட்டுகளை அச்சிட்ட இ.எம்.ஐ. ஆலையின் குறியீட்டைப் படிக்கத் தெரியாதவர் இத்துறையில் எழுத்தறிவற்றவராகவே கருதப்படுவார். வெட்டிய மூலத்திலிருந்து உலோகத் தந்தை, தந்தையிலிருந்து தாய், தாயிலிருந்து ஸ்டாம்பர், ஸ்டாம்பரிலிருந்து தட்டு என்பது பிறப்பு வரிசை. தந்தை, தாய் என்பன தொழிற்சாலையிலேயே வழங்கிய பெயர்கள். ஸ்டாம்பர் தேயத் தேய மாற்றுவார்கள். அதன் வரிசை எண்ணை நேராக எழுதாமல் ஜி, ஆர், ஏ, எம், ஓ, பி, எச், எல், டி (T), கடைசியாக இன்னொரு டி (D) எனப் பத்து ஆங்கில எழுத்துகளை 1 முதல் 9 வரையும் சுழியத்துக்குமாக ஒதுக்கி எழுதுவார்கள். கிராமஃபோன் கம்பெனி என்ற தன் பழம்பெயரையே அந்த நிறுவனம் இப்படி எண்வரிசையாக்கிக்கொண்டது. லேபிளின் ஒருபுறம் 1 என்ற தாய் எண்ணும் மறுபுறம் ஜி என்ற ஒற்றை எழுத்தும் கண்டால், அது முதல் தாயின் முதல் ஸ்டாம்பரில் பிறந்த தலைச்சன் பிள்ளை. இத்துறையில் குலம் கோத்திரம் விசாரிக்காமல் யாரும் சம்பந்தம் பேசுவதில்லை.

இதைவிட நுட்பமானது முக்கோணச் சிக்கல். பிங்க் ஃப்ளாய்டின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ 1973-இல் வந்தது. இங்கிலாந்து முதற்பதிப்பின் லேபிளில் ஒரு முக்கோணம், முழுக்க நீலம் நிரம்பியதாக இருக்கும். அடுத்தடுத்த அச்சில் நீலத்தை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் வைத்தார்கள். நிரம்பிய முக்கோணத்துக்கும் வெறும் முக்கோணத்துக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு. ‘நீலம் இருந்தா பாட்டுல என்ன கூடும்?’ என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் துறைக்குப் புறம்பானது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஹிப்னாசிஸ் என்ற அட்டை வடிவமைப்புக் குழுவுக்காக ஜார்ஜ் ஹார்டி வரைந்த அந்தப் புகழ்பெற்ற அட்டையில், பட்டகத்திலிருந்து விரியும் நிறங்கள் ஆறுதான். ஏழில் கருநீலத்தைக் காணோம். ஐம்பது ஆண்டுகளாக அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. லேபிளில் நீலத்தைக் காணோம் என்றால் மட்டும் விலை இடிந்து விழுகிறது.

எந்த நாட்டு அச்சு என்பதிலும் வருண பேதம் உண்டு. பிரிட்டிஷ் குழு என்றால் பிரிட்டிஷ் முதலச்சு, அமெரிக்கக் குழு என்றால் அமெரிக்க முதலச்சு; மற்றவை வெளிப்பிராகாரத்தில் நிற்கும். இந்திய அச்சுக்கு நெடுங்காலம் அந்த இடம்கூட இல்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு இவ்வாய்வின் கருதுகோளையே தாங்கிப் பிடிக்கிறது. 1960-களின் நடுவில் மேலைநாடுகளில் 78 சுற்றுத் தட்டு வழக்கொழிந்துவிட்டது. இங்கே வீடுகளில் சாவி கொடுக்கும் கிராமஃபோன் இன்னும் பாடிக்கொண்டிருந்ததால், பீட்டில்ஸ் பாட்டுகளையும் அரக்குக் கலவையில் 78 சுற்றுத் தட்டாக அச்சிட்டார்கள். இன்று உலகெங்கும் அதற்கு அடிபிடி. வாங்குகிற பலரின் ப்ளேயரில் 78 வேகமே கிடையாது. வேகம் இருந்தாலும் அந்தப் பள்ளத்துக்கேற்ற தடித்த ஊசி இருக்காது. ஓட்டவே முடியாத தட்டுக்கு உச்ச விலை. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

ஒட்டும் உரிப்பும்

சுவடிப்புலவர்கள் அழித்தெழுதிய ஏட்டைக் கண்டால் சோறு தண்ணீர் மறப்பார்கள். ராக் தட்டில் அதற்கு நிகரானது 1966-ஆம் ஆண்டின் ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’. அமெரிக்காவின் கேபிடல் நிறுவனம் வெளியிட்ட இந்த பீட்டில்ஸ் ஆல்பத்துக்கு ராபர்ட் விட்டேக்கர் எடுத்த படத்தில், நால்வரும் கசாப்புக் கடை வெள்ளை அங்கியோடு, மேலெல்லாம் இறைச்சித் துண்டும் கைகால் கழன்ற பொம்மைகளுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்கூட்டிப் பிரதி பெற்றவர்கள் முகம் சுளிக்க, நிறுவனம் எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்தது. அச்சான அட்டையை எறிய மனம் வராமல், பலவற்றின்மேல் ஒரு பயணப்பெட்டியைச் சுற்றி நால்வரும் சாதுவாக இருக்கும் படத்தை ஒட்டிக் கடைக்கு அனுப்பியது.

ஒட்டே படாதது முதல் நிலை. ஒட்டு ஒட்டியபடி இருப்பது இரண்டாம் நிலை. மேல்தாளை உரித்தெடுத்தது மூன்றாம் நிலை. சேகரிப்பாளர்கள் வழங்கும் இப்பகுப்பில் இவ்வாய்வாளருக்கு முழு உடன்பாடு உண்டு. ஆரம்பகாலத்தில் ஆவி பிடித்தும் நகத்தால் சுரண்டியும் உரித்தார்கள். உரிக்க உரிக்க உரிக்காதவை அருகின. எனவே கைபடாமல் விட்ட ஒட்டுக்கே மதிப்பு வந்துவிட்டது. இரண்டாம் நிலையை அறிய ஒரு வழி உண்டு. மேல்படத்தின் வெண்பகுதியில் உற்றுப்பார்த்தால், அடியிலிருக்கும் ரிங்கோ ஸ்டாரின் கறுப்புச் சட்டைக் கழுத்து முக்கோண நிழலாகத் தெரியும். மறுபடியும் முக்கோணம். தனி ஆய்வேட்டுக்கு இடமிருக்கிறது.

கேபிடல் நிறுவனத் தலைவராக இருந்த ஆலன் லிவிங்ஸ்டன் பிரிக்கப்படாத முதல்நிலைப் பிரதிகளைப் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். அவை 1980-களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தன. பிளாஸ்டிக் உறை கிழியாத அந்தப் பிரதிகளின் உரிமையாளர் உள்ளேயிருக்கும் தட்டைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. காது ஓய்வுபெற்றதோடு கண்ணுக்கும் பாதி ஓய்வு.

உறை, தட்டைக் காப்பதற்கு என்ற பழைய கொள்கையை 1971-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ முடித்துவைத்தது. ஆண்டி வார்ஹோலின் யோசனைப்படி, அட்டையில் இருந்த ஜீன்ஸ் படத்தில் உண்மையான ஜிப்பையே வைத்துப் பொருத்தினார்கள். அடுக்கி அனுப்பும்போது ஜிப்பின் தலை அடுத்த தட்டில் அழுந்தி, ‘சிஸ்டர் மார்ஃபீன்’ பாட்டைக் குழிப்படுத்தியது. தீர்வு எளிமையானது: ஜிப்பைப் பாதிவரை இறக்கிவிட்டு அனுப்பினார்கள், அழுத்தம் லேபிளில் விழட்டும் என்று. ஜிப்பை எடுத்துவிடலாமே என்ற யோசனை எழுந்ததாகத் தெரியவில்லை. சேகரிப்பாளர் இன்று முதலில் கேட்பதும் ஜிப் இறங்குகிறதா என்றுதான்.

கரகரப்பின் பாடபேதம்

த ஹூ குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ (1970) பதிப்பாசிரியர்களுக்கு வைத்த கண்ணி. மேடைப் பதிவில் கரகரப்பு ஏறிவிட்டது. அது இருக்கட்டும், திருத்தவேண்டாம் என்று லேபிளிலேயே கையெழுத்தில் எழுதிவிட்டார்கள். ஐம்பது ஆண்டுத் தூசி ஏறிய பிரதியில் எந்தக் கரகரப்பு மூலபாடம், எது இடைச்செருகல்? கழுவிப் பார்க்கலாம். போனது தூசி, நின்றது மூலம் என்று முடிவுகட்டலாம். ஆனால் முந்தைய உடைமையாளரின் மழுங்கிய ஊசி போட்ட கீறல் கழுவினாலும் போகாது. அது உரையாசிரியர் மூலத்தோடு கலந்தெழுதிய வரிபோல நிலைத்துவிட்டது.

இயற்பியலின் சதி

சேகரிப்பாளர்மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. தட்டே காதுக்குத் துரோகம் செய்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒரே பள்ளம்தான், சுருளாக ஓடுகிறது; 22 நிமிடப் பக்கத்தை நீட்டிப் பிடித்தால் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறையும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகம் மாறுவதில்லை. ஆகவே வெளிவிளிம்பில் ஊசிக்கடியில் வினாடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் பள்ளம் கடக்கிறது. லேபிளை நெருங்கும்போது 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதவேண்டும். தாளத்தட்டின் சிலும்பலும் ‘ஸ’ ஒலியும் முதலில் சிதையும்.

ராக் குழுக்களோ உச்சக்கட்டத்தைக் கடைசியில் வைக்கிற வழக்கமுடையவை. ‘சார்ஜன்ட் பெப்பர்’ முடிவது ‘எ டே இன் த லைஃப்’ பாட்டில். ‘ஹூஸ் நெக்ஸ்ட்’ முடிவது ‘வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்’ பாட்டில். லெட் செப்பலினின் நான்காம் ஆல்பத்தில் முதற்பக்கத்தின் கடைசி, எட்டு நிமிட ‘ஸ்டேர்வே டு ஹெவன்’. குழலும் கிடாரும் மெல்லப் பேசும் தொடக்கத்துக்கு நல்ல பள்ளம்; ஜிம்மி பேஜ் வெளுத்து வாங்கும் இடத்துக்கு உள்ளதிலேயே மோசமான பள்ளம். இரண்டாம் பக்கத்தின் முதற்பாட்டாக வைத்திருந்தால் பேஜின் கிடார் வெளிப்பள்ளத்தில் நிம்மதியாக ஓடியிருக்கும் என்பது இவ்வாய்வாளரின் உறுதியான கருத்து. யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

‘சார்ஜன்ட் பெப்பர்’ இங்கிலாந்துப் பதிப்பில் இன்னொரு குறும்பும் உண்டு. கடைசி பியானோ அதிர்வு அடங்கியபின் 15 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓர் ஒலி, நாய்களுக்கென்று. பிறகு முடிவில்லாமல் சுழலும் பள்ளத்தில் அர்த்தமற்ற பேச்சு. யாராவது எழுந்துபோய் ஊசியைத் தூக்கும்வரை ஓயாது. அமெரிக்கப் பதிப்பில் இரண்டும் கிடையாது. வயதான காதுக்கு 15 கிலோஹெர்ட்ஸ் எட்டாது என்பதால், மூத்த சேகரிப்பாளர் தம் பிரதியைச் சரிபார்க்க நாயின் துணையை நாடவேண்டும். இ.எம்.ஐ. குடும்பத்தின் பழைய சின்னமே கிராமஃபோன் முன் உட்கார்ந்த நாய்தான் என்பதையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம். எங்கள் தெருநாய் ஒத்துழைக்க மறுத்துவிட்டது.

பெட்டகமும் பரிசோதனையும்

பீட்டில்ஸின் 1968-ஆம் ஆண்டு ‘வெள்ளை ஆல்பத்தின்’ அட்டைகளில் வரிசை எண் அச்சிட்டிருந்தார்கள். 0000001 எண்ணிட்ட ரிங்கோவின் பிரதி 2015 டிசம்பர் ஏலத்தில் 7,90,000 டாலருக்குப் போனது. அதற்குமுன் பல்லாண்டுகள் அது இருந்த இடம் வங்கிப் பெட்டகம். வங்கிப் பெட்டகத்தில் பாட்டு கேட்கும் வசதி எந்த நாட்டிலும் இல்லை.

‘எங்களுக்குக் காதும் உண்டு’ என்று வாதிடுவோர் ஒரு பிரிவினர். கணினி எண்ணாக மாற்றாமல், டேப்பிலிருந்து நேரே வெட்டிய தட்டின் கதகதப்பைக் கேட்டவுடன் கண்டுபிடித்துவிடுவோம் என்பார்கள். 2022-இல் இதற்கு ஒரு பெரும்பரிசோதனை தானாக அமைந்தது. இத்தகைய காதுகளின் நன்மதிப்பைப் பெற்ற மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனம், தன் உயர்விலை மறுபதிப்புகள் பலவற்றில் ஆண்டுக்கணக்கில் டிஜிட்டல் பிரதியை நடுவே பயன்படுத்தி வந்தது வெளிப்பட்டது. கதகதப்பைப் பாராட்டி எழுதியவர்கள் கொந்தளித்தார்கள். வழக்கும் வந்தது. காதுகள் அத்தனை ஆண்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தன என்பதை ஆய்வுலகம் குறித்துக்கொள்ளவேண்டும்.

ஒரு தடை

நேர்மையான ஆய்வில் ஒவ்வாத தரவையும் காட்டுவது முறை. 1969-இல் வந்த ‘லெட் செப்பலின் 2’ தட்டை அமெரிக்காவில் முதலில் வெட்டியவர் ராபர்ட் லுட்விக். ஒலியைத் துணிந்து உயர்த்தி வெட்டினார். மலிவான ப்ளேயர் ஒன்றில் ஊசி எகிறிக் குதித்ததால் நிறுவனம் அதைக் கைவிட்டு அடக்கமாக வெட்டிய பதிப்பை வெளியிட்டது என்பது லுட்விக் பின்னாளில் சொன்ன கதை. டெட் வாக்ஸில் ஆர்.எல். என்ற எழுத்துகள் இருந்தால் அது முந்தையது. இதுவும் கண்ணால் பார்த்து வாங்குவதுதான், எழுத்துக்குத் தரும் விலைதான் என்று இவ்வாய்வாளர் நெடுநாள் வாதிட்டு வந்தார். நண்பர் ஒருவர் இரண்டு பதிப்பையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினார். குழுவின் டிரம்மர் ஜான் பானம் அடிக்கிற அடி ஒன்றில் டிரம்மிலிருந்து வந்தது, மற்றதில் அடுத்த அறையிலிருந்து வந்தது. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

ஒற்றைத் தட்டை வைத்து ஒரு கருதுகோளைக் கைவிட முடியாது என்பதால், லுட்விக் பதிப்பு இவ்வாய்வின் எல்லையிலிருந்து விலக்கப்படுகிறது. நண்பர் அதை விற்பதாக இருந்தால் தகவல் சொல்லவும்.