பூனைவால் மனிதர்களும் தொப்பி போட்ட கடவுளும்

1647இல் கிழக்கே கப்பலேறிய நீல்ஸ் மட்சன் ஷியோப்பிங் என்ற சுவீடன்காரர், நிக்கோபாரில் பூனைவால் முளைத்த மனிதர்களைப் பார்த்ததாக எழுதிவைத்தார். கடல்தாண்டிப் போய் வந்தவன் விடுகிற கதையை யார் சரிபார்ப்பது? சரிபார்க்க வேண்டிய படிப்பாளிகளே நம்பித் தொலைத்தார்கள். ஸ்காட்லாந்தின் மான்போடோ பிரபு 1773இல் மொழியின் தோற்றம் பற்றி எழுதிய தடிமனான புத்தகத்தில் இந்த வாலைச் சாட்சியாகவே ஏற்றுக்கொண்டார். அவருக்குத் தொழில் நீதிபதி உத்தியோகம். கட்சிக்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

1778இல் ஆஸ்திரியக் கப்பலில் வந்த வைத்தியர் நிக்கோலஸ் ஃபொன்டானா கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தார். இடுப்பைச் சுற்றி, தொடையிடுக்கில் புகுந்து, ஒரு முனை பின்னால் தொங்கும் நீளத் துண்டு. அவ்வளவுதான் உடை என்று எழுதினார். தஞ்சாவூர் வயலில் நிற்கும் எந்தத் தாத்தாவும் தூரத்திலிருந்தே சொல்லியிருப்பார், அது கோவணம் என்று. ஐரோப்பிய அறிவுலகத்துக்கு நூற்று முப்பது வருஷம் பிடித்தது.

இந்தப் பக்கம் தீவுக்காரர்கள் சும்மா இருந்தார்களா? வந்தவர்களை அவர்களும் தலையிலிருந்து கால்வரை அளந்துகொண்டுதான் இருந்தார்கள். அளக்க ஆளுக்கா பஞ்சம்! ராஜேந்திர சோழன் தன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்ற பெயரில் இந்தத் தீவுகளைச் சேர்த்துக்கொண்டான். 1756இல் டென்மார்க்காரர்கள் நம்ம தரங்கம்பாடியில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தீவுகளை ஆளக் கிளம்பினார்கள். ஆண்டது பெரும்பாலும் மலேரியாதான். குடியேறுவதும், காய்ச்சலில் சாவதும், மிச்சமிருப்பவர்கள் மூட்டை கட்டுவதுமாக ஒரு நூற்றாண்டு ஓட்டிவிட்டு, 1868இல் உரிமையை ஆங்கிலேயரிடம் விற்றுக் கைகழுவினார்கள்.

நிக்கோபாரியரும் காய்ச்சலுக்கு மருந்து வைத்திருந்தார்கள். அது ஹென்டா-கோய். வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் பாக்கு மட்டையிலோ பலகையிலோ படம் வரைந்து மாட்டுவார்கள்; கெட்ட ஆவி ஓடிவிடும். படத்தில் சூரியன், நிலா, மீன், கப்பல், கண்ணாடி, வாள் என்று கரையில் இறங்கிய சாமான் எல்லாம் இருக்கும். நடுவே டியூசே என்ற வானத்துத் தெய்வம். பெயர் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது, உடுப்பு ஐரோப்பியருடையது. வாலைத் தேடி வந்த கூட்டத்தின் சட்டையையே உருவி, தங்கள் சாமிக்குப் போட்டுவிட்டார்கள்.

தொப்பிக் கதை இன்னும் ஜோர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் ஒரு துணுக்கு சுற்றியது: கல்கத்தா வியாபாரிகள் கழித்துப்போட்ட உயரத் தொப்பிகளை நிக்கோபாருக்குக் கொண்டுபோகிறார்கள், கறுப்புப் பட்டை வைத்த வெள்ளைத் தொப்பிக்கு 55 முதல் 65 நல்ல தேங்காய் விலை. தேங்காய்தான் அன்று அங்கே காசு. கோவணமும் உயரத் தொப்பியுமாக நின்றவரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் சிரித்தார்களாம். ஏப்ரல் வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு, வியர்வை வடிய நின்று சிரித்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.

படம் ஓடினால் மறுவாரமே அதன் பெயரில் புடவை தொங்கவிடும் ஊர் நம்முடையது. அதற்கு டிசைனர், ட்ரெண்ட் என்று என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறோம். சினிமா இல்லாத தீவில் கப்பல்தான் சினிமா, இறங்கிவந்த கேப்டன்தான் ஹீரோ. பார்த்ததில் பிடித்ததை எடுத்து, தன் சாமிக்கும் தன் சுவருக்கும் ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்ட அந்த மட்டை ஓவியர்கள் நம் புடவைக்கடைகளைவிடக் கெட்டிக்காரர்கள். நாம் கதாநாயகி கட்டியதை அப்படியே நகல் எடுக்கிறோம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை.

ஜவுளி வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகளே, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஹென்டா-கோய் பலகைகள் இருக்கின்றன; படங்களையாவது தேடிப் பாருங்கள். நாளைக்கு அந்தக் கப்பலையும் மீனையும் முந்தானையில் இறக்குவதென்றால், முதலில் நிக்கோபாரின் நான்கௌரித் தீவுக்காரர்களிடம் கேளுங்கள். விலைச்சீட்டில் அவர்கள் பெயரைப் போடுங்கள், வரும் காசில் பங்கும் கொடுங்கள். தேங்காயாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடாதீர்கள்.