ஆறு கட்ட ஜாதகம்

பழைய போர்ஷே 911 வாங்குவோரின் ஒழுக்கப் பற்று மெய்சிலிர்க்க வைக்கிறது. நிமிடத்துக்கு 7,000 சுற்றைத் தாண்டிப் பாடுவதற்கென்றே செய்த எஞ்சின். அது ஒருநாளும் வாய் திறந்ததில்லை என்று சான்றிதழ் வேண்டும். நியாயம்தானே!

சான்றிதழை எஞ்சினின் கணினியே தருகிறது. நம்மூர் ஜாதகத்துக்குப் பன்னிரண்டு கட்டம்; 997 மாடலில் ஜெர்மனிக்காரர் ஆறிலேயே முடித்துவிட்டார். சுற்று வரம்பை மீறிய ஒவ்வொரு பற்றவைப்பும், எவ்வளவு மீறியதோ அதற்கேற்ற கட்டத்தில் பதிவு; கடைசியாக மீறியது எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் என்பதும் உண்டு. முதல் கட்டம் வாலிபக் குறும்பு, மன்னிக்கலாம். ஆறாம் கட்டம்? ஐந்தாம் கியரிலிருந்து நான்குக்கு இறங்குவதாக நினைத்து இரண்டில் தள்ளிய மகாபாவியின் வேலை. பெட்ரோலை நிறுத்திக் காப்பாற்றும் கணினியும் அங்கே கைவிரித்துவிடும். எஞ்சினைச் சுழற்றுவது சக்கரமல்லவா?

"நானூறு பற்றவைப்பு" என்று படித்ததும் வாங்க வந்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார். ஆறு சிலிண்டர், 8,000 சுற்று என்றால் அது ஒரே ஒரு விநாடி. ஒரு விநாடிச் சபலம் என்றாலும் சபலம்தானே!

உத்தமமான கார்களும் இல்லாமலில்லை. ஆறு கட்டத்திலும் பூஜ்யம். ஓடோமீட்டரில் 60,000 கிலோமீட்டர். கணினியில் எஞ்சின் ஓடிய நேரம் 40 மணி. அதாவது மணிக்குச் சராசரி 1,500 கிலோமீட்டர்; ஒலியையே முந்தியும் எஞ்சினை ஒருமுறைகூட முக்கவிடவில்லை. இப்படிப்பட்ட ஓட்டுநரிடம் பேரம் பேச யாருக்கு வாய் வரும்?